நாலு ரோட்டுல எடுத்த சைக்கிளை கலெக்டர் ஆபீஸ்ல விடணும்னா

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு கொஞ்சம் தள்ளி என் பெரியப்பா வாடகை சைக்கிள் கடை வெச்சிருந்தாரு. மொத்தம் 18 வண்டி, அதுல ரெண்டு சின்னப் பசங்க ஓட்டற வண்டி. எல்லாத்துக்கும் பின் மட்கார்டுல வெள்ளை பெயிண்ட்ல நம்பர் போட்டிருக்கும், எதுலயும் கேரியர் இருக்காது, ஏன்னா கேரியர் இருந்தா டபுள்ஸ் போவாங்க, மூட்டை கட்டுவாங்க, வீல் கோட்டம் ஆயிடும். மணிக்கு 50 காசுல ஆரம்பிச்ச வாடகை கடையை மூடற காலத்துல 2 ரூபாயில நின்னுச்சு. ஒரு நீள நோட்டு, அதுல பேரு, ஊரு, வண்டி நம்பர், எடுத்த நேரம், விட்ட நேரம். தெரியாத ஆள் வந்து வண்டி கேட்டா பெரியப்பா பதிலே சொல்லாம பக்கத்து டீக்கடையப் பாப்பாரு, அங்க யாராவது "நம்ம பென்னாகரத்துக்காரர் பையன்தாண்ணா"ன்னு சொன்னாதான் பூட்டைத் தொறப்பாரு.

இதை இப்ப எழுத காரணம் என் அக்கா பையன். பெங்களூர்ல வேலை பாக்கறான், தீபாவளிக்கு வந்தப்ப நாலு ரோட்டுல ஆட்டோவுக்கு காத்துக்கிட்டு நின்னோம், "மாமா, அங்கெல்லாம் மெட்ரோவை விட்டு எறங்கினா வண்டி நிக்குது, போன்ல ஸ்கேன் பண்ணி எடுத்துட்டுப் போயி எங்க வேணும்னாலும் விட்டுடலாம், நம்ம ஊர்ல ஏன் இது வரல"ன்னு கேட்டான். அவனுக்கு அப்பவே ஏதோ ஒரு பதில் சொல்லிட்டேன், ஆனா அது சரியான பதில் இல்லன்னு அப்புறமா தோணுச்சு. பொது சைக்கிள் திட்டம்னு ஒண்ணு உலகத்துல எப்படி வளந்துச்சு, எங்கெங்க விழுந்துச்சு, ஏன் விழுந்துச்சுன்னு தெரியாம நம்ம ஊருக்கு வருமா வராதான்னு பேசறதுல அர்த்தமில்ல. அதனால முழுசாவே எழுதிடறேன்.

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுக்கணும். பெரியப்பா கடையில எடுத்த வண்டியை பெரியப்பா கடையிலதான் விடணும். ஆஸ்பத்திரிக்குப் போனீங்கன்னா உள்ள இருக்கற நேரமெல்லாம் மீட்டர் ஓடுது, வண்டி வெளிய சும்மா வெயில்ல நிக்குது. பொது சைக்கிள்னு சொல்றது இது இல்ல. அது ஒரு எடத்துல எடுத்து இன்னொரு எடத்துல விட்டுட்டு நம்ம வேலையப் பாத்துக்கிட்டுப் போறது, அடுத்த ஆள் அதே வண்டியை எடுத்துக்குவாரு. அந்த ஒரு வித்தியாசத்துலதான் இதோட எல்லா லாபமும் இருக்கு, எல்லாத் தலைவலியும் அதுலயேதான் இருக்கு.

அந்தத் தலைவலி எனக்கு எட்டாவது படிக்கறப்பவே தெரியும். பெரியப்பாவோட மச்சான் பென்னாகரம் ரோட்டுல இதே மாதிரி ஒரு கடை போட்டிருந்தாரு. ரெண்டு பேரும் சேந்து ஒரு ஏற்பாடு பண்ணாங்க, பஸ் ஸ்டாண்டுல எறங்கறவங்க எங்க வண்டியை எடுத்துட்டுப் போயி அங்க விடலாம், அங்க எடுத்து இங்க விடலாம், ரெண்டு கடை நோட்டுலயும் எழுதிக்குவாங்க. நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா காலையில எல்லாரும் இங்கிருந்து அங்கதான் போவாங்க, திரும்பறப்ப பாதிப் பேரு டவுன் பஸ்ஸைப் புடிச்சிடுவாங்க, சாயங்காலம் நாலு மணிக்கு எங்க கடையில வண்டியே இருக்காது, அங்க ஆறு ஏழு நிக்கும். அதைத் திரும்பக் கொண்டு வர்றது என் வேலை. ஸ்கூல் விட்டு நடந்து போயி, ஒரு வண்டியில ஏறி உக்காந்து ஒரு கையால அதை ஓட்டிக்கிட்டு இன்னொரு கையால பக்கத்துல இன்னொரு வண்டியை இழுத்துட்டு வரணும். பக்கத்து வண்டியோட ஹேண்டில் பாரை ஓரத்துல புடிச்சா முன்சக்கரம் திரும்பிக்கிட்டு நம்மளையும் சேத்துக் கவுத்திடும், நட்ட நடுவுல புடிக்கணும். ஒரு நடைக்கு ரெண்டு வண்டி, ரெண்டு மூணு நடை. ஒரு நாள் மழை, நான் போகல, மறுநாள் காலையில பஸ் ஸ்டாண்ட் கடையில நாலே வண்டிதான், வந்தவங்கெல்லாம் பாத்துட்டுத் திரும்பிப் போனாங்க. அப்படி ரெண்டு தடவை திரும்பிப் போனவன் மூணாவது தடவை நம்ம கடைப் பக்கமே வரமாட்டான்டான்னு பெரியப்பா சொன்னாரு.

இன்னிக்கு பாரிஸ், லண்டன், நியூயார்க்குன்னு எந்த ஊரு பொது சைக்கிள் திட்டத்தை எடுத்தாலும் அதுல பெரிய செலவுகள்ல ஒண்ணு இதே வேலைதான், நான் கையால இழுத்தேன், அவங்க லாரியிலயும் வேன்லயும் ஏத்தி எறக்கறாங்க.

ஆரம்பத்துல இதைப் பத்தி யாரும் யோசிக்கல. 1965ல ஆம்ஸ்டர்டாம்ல புரோவோன்னு ஒரு இளைஞர் கூட்டம், லூட் ஸ்கிம்மெல்பெனிங்க்ன்னு ஒருத்தர் கொடுத்த யோசனையில, சைக்கிளுக்கெல்லாம் வெள்ளை பெயிண்ட் அடிச்சு பூட்டில்லாம தெருவுல விட்டாங்க. யாரு வேணும்னாலும் எடுக்கலாம், எங்க வேணும்னாலும் விடலாம், காசு கெடையாது. நகரத்துக்குள்ள காரைக் கொறைக்கணும்ங்கறது அவங்க எண்ணம். போலீஸ் வந்து வண்டிகளை அள்ளிட்டுப் போனாங்க, ஏன்னா சைக்கிளைப் பூட்டாம விடறது சட்டப்படி தப்பு. மாநகராட்சி சொந்தமா ஆயிரக்கணக்குல சைக்கிள் வாங்கி விடணும்னு கேட்டதும் நடக்கல. அந்த முயற்சி சீக்கிரமே முடிஞ்சு போச்சு, ஆனா யோசனை சாகல. 1974ல பிரான்ஸ்ல லா ரோஷெல்னு ஒரு கடலோர ஊர்ல மஞ்சள் சைக்கிள் விட்டாங்க, அது சின்ன ஊரு, அங்க நின்னுச்சு. சின்ன ஊர்ல நின்னுச்சுங்கறதை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

அப்புறம் 1995ல டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன். இங்க பூட்டு வந்துச்சு, 20 குரோனர்னு அந்த நாட்டுக் காசு ஒண்ணைச் சொருகினா பூட்டு தொறக்கும், திரும்ப எந்த ஸ்டாண்டுல மாட்டினாலும் காசு வெளிய வந்துடும், சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி மாதிரி. வண்டியும் தனியா டிசைன் பண்ணினது, பாகங்கள் மத்த சைக்கிளுக்குப் பொருந்தாது, கழட்டி வித்தாலும் பிரயோஜனம் இல்ல, டயர் காத்தில்லாத கெட்டி ரப்பர். நல்ல மூளைதான். ஆனா பெரியப்பா கேக்கற முதல் கேள்விக்கு அதுல பதிலே இல்ல: வண்டியை எடுத்தது யாரு? காசுக்கு முகம் கிடையாதுல்ல, 20 குரோனர் போனாப் போகுதுன்னு நெனைக்கறவன் சைக்கிளை வீட்டுக்கே ஓட்டிட்டுப் போயிடலாம்.

அந்த முகத்தை மெஷினுக்குக் காட்ட கார்டு வந்துச்சு. 1996ல இங்கிலாந்துல போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்துல மாணவர்களுக்கு காந்தக் கார்டு குடுத்து ஒரு சின்ன திட்டம், 1998ல பிரான்ஸ்ல ரென் நகரத்துல ஸ்மார்ட் கார்டு. டீக்கடைக்காரர் "நம்ம ஆளுதான்"னு சொன்ன வேலையை கார்டு செய்ய ஆரம்பிச்சுது. 2005ல லியோன்ல ஆயிரக்கணக்குல வண்டி எறக்கினாங்க, 2007 ஜூலை 15ல பாரிஸ்ல வெலிப் ஆரம்பிச்சுது. உலகம் முழுக்க நகரங்கள் இதைத் திரும்பிப் பாத்தது வெலிப்புக்கு அப்புறம்தான். முதல் அரை மணி நேரம் இலவசம், அதுக்கு மேல போகப் போக கட்டணம் ஏறும், அதாவது எடு, ஓட்டு, உடனே விடு, அடுத்தவனுக்குக் குடுன்னு கட்டணமே சொல்லிக் குடுக்குது. வண்டி சீக்கிரமே 20,000 ஆச்சு. நடத்தினது ஜேசிடெகோன்னு ஒரு விளம்பரக் கம்பெனி, நகரத்துல விளம்பரப் பலகை வைக்கற உரிமையை அதுக்குப் பதிலா வாங்கிக்கிச்சு.

ரெண்டே வருஷத்துல அங்க என்ன ஆச்சுன்னு பாருங்க, முதல்ல விட்ட 20,600 வண்டியில 80 சதவீதம் திருடுபோச்சு இல்லன்னா ஒடைஞ்சு போச்சுன்னு 2009ல செய்தி வந்துச்சு. கார்டு இருந்தும் இந்த நெலமை. அப்படியும் திட்டத்தை மூடல, வண்டியை மாத்தி மாத்தி எறக்கி ஓட்டினாங்க, ஏன்னா ஜனங்க அதை நெசமாவே பயன்படுத்தினாங்க. எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது மேட்டு விஷயம். பாரிஸ்ல மொம்மார்த்னு உசரமான பகுதி, அங்கிருந்து எல்லாரும் கீழ எறங்க சைக்கிள் எடுக்கறாங்க, மேல ஏற யாரும் எடுக்கறதில்ல, மேட்டுல இருக்கற ஸ்டாண்டெல்லாம் காலி. அதனால 2008ல மேட்டு ஸ்டாண்டுல கொண்டு போயி விட்டா 15 நிமிஷம் போனஸ்னு ஒரு சலுகை குடுத்தாங்க. நியூயார்க்ல அப்புறமா இதையே வேற மாதிரி பண்ணாங்க, காலியா இருக்கற ஸ்டாண்டுக்கு வண்டியைக் கொண்டு போறவங்களுக்கு பாயிண்ட். ஓட்டறவனையே பாதி லாரி வேலையைச் செய்ய வைக்கறது இது. பெரியப்பாவும் இதைத்தான் செஞ்சாரு, சாயங்காலம் பென்னாகரம் ரோட்டுலருந்து வண்டி எடுத்து வர்றவங்களுக்கு வாடகை பாதி.

பாரிஸுக்கு அடுத்த வருஷமே, 2008 மே மாசம், சீனாவுல ஹாங்சோ நகரம் ஆரம்பிச்சுது. தர்மபுரியில உக்காந்து யோசிக்கற எனக்கு பாரிஸை விட இதுதான் பாடம். நடத்தினது விளம்பரக் கம்பெனி இல்ல, ஊரோட பஸ் கம்பெனி. 2,800 வண்டி, 60 நெலையான ஸ்டாண்டோட தொடங்கி, பஸ்ஸுக்கு வெச்சிருக்கற அதே கார்டுல சைக்கிளும் எடுக்கலாம்னு வெச்சாங்க, முதல் ஒரு மணி நேரம் இலவசம். பல ஸ்டாண்டுல ஆளையும் உக்கார வெச்சாங்க, காத்து இருக்கா, பிரேக் புடிக்குதான்னு பாக்க, தெரியாதவங்களுக்குச் சொல்லிக் குடுக்க. சில வருஷத்துலயே 60,000 வண்டியைத் தாண்டி அப்ப உலகத்துலயே பெரிய திட்டமா ஆச்சு. மெஷின் இருக்கற எடத்துல எதுக்கு ஆளுன்னு வெளிநாட்டுக்காரங்க கேக்கலாம், ஆனா ஒரு ஆள் காலையிலருந்து அங்க இருக்காருன்னா வண்டி ஒடையறது பாதியாக் கொறையும், இது சைக்கிள் கடையில வளந்த எனக்கு சத்தியமாத் தெரியும்.

அடுத்தது ஸ்டாண்டே இல்லாத காலம். 2014ல பீகிங் பல்கலைக்கழக மாணவர்கள் ஓஃபோ ஆரம்பிச்சாங்க, மொபைக் 2016ல ஷாங்காய்ல எறங்குச்சு. பூட்டு வண்டியிலயே இருக்கு, போன்ல ஸ்கேன் பண்ணா தொறக்கும், எங்க வேணும்னாலும் விடலாம். ஆம்ஸ்டர்டாம் பசங்க கனவு கண்டது 50 வருஷம் கழிச்சு போன் வழியா வந்துச்சுன்னு சொல்லலாம், ஒரு வித்தியாசம், இந்தத் தடவை பின்னாடி கோடிக்கணக்குல முதலீட்டாளர் பணம் இருந்துச்சு. 2017 நடுவுல சீனாவுல மட்டும் ஒண்ணரைக் கோடிக்கு மேல பகிர்வு சைக்கிள். ஒரு கம்பெனி பத்தாயிரம் எறக்கினா அடுத்தவன் இருபதாயிரம் எறக்கறான், தெருவுக்கு எவ்வளவு வேணும்னு கணக்கே இல்ல, யாரு மொதல்ல எடத்தைப் புடிக்கறதுங்கறதுதான் கணக்கு. நடைபாதை பூரா சைக்கிள் குவியல், கடைசியில ஊருக்கு வெளிய மலை மலையா சைக்கிள் சுடுகாடு. ஓஃபோ ஒவ்வொருத்தர்கிட்டயும் 99, அப்புறம் 199 யுவான் டெபாசிட் வாங்கி வெச்சிருந்துச்சு, 2018 டிசம்பர்ல ஒரு கோடிப் பேருக்கு மேல அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆன்லைன்ல வரிசையில நின்னாங்க. டெபாசிட்டை நம்பித் தொழில் நடத்தினா இப்படித்தான் முடியும். வாடகை சைக்கிள் கடைக்காரருக்கு வருமானம் வாடகையில, ஒரு நாள் வாடகை வரலன்னா அன்னிக்கே தெரிஞ்சிடும் தொழில் படுத்துக்கிச்சுன்னு.

அதே ஓஃபோ நம்ம பக்கத்துக்கும் வந்துச்சு, கோயமுத்தூர்ல 2018 ஆரம்பத்துல மஞ்சள் சைக்கிள் நின்னதைப் பாத்தவங்க இருப்பீங்க, அந்த வருஷ நடுவுலயே கம்பெனி இந்தியாவை விட்டே போயிடுச்சு.

இந்தியாவுல ஸ்டாண்டு வெச்சு முறையா ஆரம்பிச்சதுல மைசூர்தான் முன்னோடி. ட்ரின் ட்ரின்னு பேரு, 2017 ஜூன் 4, 450 வண்டி, 48 ஸ்டாண்டு. அதே மாசம் போபால்ல 500 வண்டி, 50 ஸ்டாண்டு, அங்க சைக்கிளுக்குன்னு தனிப் பாதையும் போட்டாங்க. அப்புறம் ராஞ்சி, சென்னைன்னு 2019ல வரிசையா வந்துச்சு, ஸ்மார்ட் சிட்டி பணம் இருந்த காலம் அது. எண்ணிக்கையை ஒரு தடவை நல்லாப் பாருங்க. 2011 கணக்குப்படி மைசூர் மாநகராட்சியில கிட்டத்தட்ட 9 லட்சம் ஜனங்க, போபால்ல சுமார் 18 லட்சம். மைசூருக்கு 450 வண்டின்னா ஆயிரம் பேருக்கு அரை சைக்கிள், போபாலுக்கு அதுலயும் பாதிதான் தேறும். ஐடிடிபின்னு போக்குவரத்து ஆராய்ச்சி அமைப்பு ஒண்ணு 2013ல போட்ட வழிகாட்டியில, திட்டம் இருக்கற பகுதிக்குள்ள ஆயிரம் பேருக்கு 10லருந்து 30 வண்டி வேணும், சதுர கிலோமீட்டருக்கு 10லருந்து 16 ஸ்டாண்டு வேணும், அதாவது எங்க நின்னாலும் 300 மீட்டருக்குள்ள ஒரு ஸ்டாண்டு கெடைக்கணும்னு சொல்லியிருக்காங்க. பாரிஸ் 20,000 எறக்கினப்ப ஆயிரம் பேருக்கு 9 கிட்ட வந்துச்சு.

இங்கதான் நம்ம ஊர்க்காரங்க பெரும்பாலும் தப்புப் பண்றாங்கன்னு நெனைக்கறேன். பணம் கம்மியா இருக்கு, சரி, 50 ஸ்டாண்டுதான் போட முடியும், அதை எங்க போடறது? ஒவ்வொரு வார்டுக்கும் ஒண்ணு குடுத்துடறாங்க, யாரும் கோவிச்சுக்கக் கூடாதுல்ல. ஸ்டாண்டுக்கும் ஸ்டாண்டுக்கும் ரெண்டு கிலோமீட்டர் ஆயிடுது. ஒருத்தர் வீட்டுலருந்து ஸ்டாண்டுக்கு நடக்க பதினஞ்சு நிமிஷம், எறங்கின ஸ்டாண்டுலருந்து ஆபீஸுக்கு நடக்க பத்து நிமிஷம்னா, அந்த ஆளு எதுக்கு சைக்கிள் எடுக்கணும். அதே 50ஐ ஊர்ல ஒரு மூலையில மட்டும் நெருக்கமாப் போட்டிருந்தா அந்த மூலையில இருக்கறவங்களாவது தெனமும் எடுத்திருப்பாங்க. தண்ணி கம்மியா இருந்தா ஒரு பாத்தி முழுசா பாச்சறதா, பத்து பாத்தியில ஈரம் காட்டிட்டு விடறதான்னு எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்லிடுவாரு.

போன வருஷம் பெங்களூர்ல அக்கா பையனோட போயிருந்தப்ப எனக்கே ஒரு அனுபவம். கரண்ட்ல ஓடற சின்ன வண்டி ஒண்ணை எடுத்து, போக வேண்டிய வீட்டு வாசல்லயே நிறுத்தி முடிக்கப் பாத்தேன், இது பார்க்கிங் பகுதி இல்லன்னு ஆப் சொல்லுது. மேப்ல காட்டின எடம் தெருக்கோடியில ஒரு குப்பைத்தொட்டிப் பக்கம், அங்க போனா ஒரு கார் நிக்குது, வண்டியை நிறுத்த எடமில்ல, மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கு. கடைசியில கொஞ்சம் தள்ளி நிறுத்தினதுக்கு அபராதமும் சேத்துப் புடிச்சுட்டாங்க. யார்கிட்ட சொல்றது, அங்க ஆளே இல்லையே. தெருவுல ஒரு கோடு போட்டு, ஒரு கம்பி நட்டு, "சைக்கிள் இங்க"ன்னு ஒரு பலகை வைக்காம மேப்ல மட்டும் கட்டம் போட்டா இதுதான் நடக்கும்.

அந்த மாதிரி வண்டிகள் பெங்களூர்ல நல்லாவே ஓடுதுங்கறதும் உண்மை. யூலுன்னு ஒரு கம்பெனி 2017ல மிதிக்கற சைக்கிளோட ஆரம்பிச்சு, 2019லருந்து கரண்ட் வண்டிக்கு மாறுச்சு, வேகம் 25 கிலோமீட்டருக்குள்ள, மோட்டார் சக்தியும் கம்மி, அதனால லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். இப்ப அதை ஓட்டறதுல பெரிய பங்கு சாப்பாடும் மளிகையும் டெலிவரி பண்ற பசங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துலருந்து போன எத்தனையோ பசங்க அதுல ஓடிக்கிட்டு இருக்காங்க. ஊர்ல இருக்கறவங்க ஓட்டணும்னு ஆரம்பிச்ச திட்டம், வேலைக்கு வந்த பசங்களோட பொழப்பு வண்டியா மாறிடுச்சு, அது அவங்களுக்கு நல்லதுதான், ஆனா அதைப் பாத்துட்டு நம்ம ஊருக்கும் அப்படியே வரும்னு சொல்ல முடியாது, ஏன்னா இங்க அந்த அளவு டெலிவரி வேலை கெடையாது.

நம்ம ஊருக்குன்னு தனியா சில விஷயம் இருக்கு.

தமிழ்நாட்டுல சைக்கிள் ஏற்கனவே வீட்டுக்கு வந்துடுச்சு. 2001-02ல ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு ஆரம்பிச்ச இலவச சைக்கிள் 2005-06லருந்து அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள்ல பிளஸ் ஒன் படிக்கற எல்லாருக்கும்னு ஆச்சு, வருஷத்துக்கு அஞ்சு லட்சத்தை ஒட்டி வண்டி குடுக்கறாங்க. அதுக்கும் முன்னாடி 1991-92ல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கத்துல கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்துல ஒரு லட்சத்துக்கு மேல பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க, இது நம்ம மாநிலத்தோட பெருமை. அதனால சைக்கிள் ஓட்டத் தெரியாதவங்க நாம இல்ல. தெரிஞ்சவங்க ஏன் விட்டாங்கங்கறதுதான் பாக்க வேண்டியது. 1980ல நம்ம ஓசூர்லதான் டிவிஎஸ் 50 வந்துச்சு, அப்ப ஓசூர் தர்மபுரி மாவட்டம், 2004ல கிருஷ்ணகிரி பிரிஞ்ச பிறகுதான் அந்தப் பக்கம் போச்சு. மொபெட் வந்து, அப்புறம் தவணைக்கு பைக் வந்து, வாடகை சைக்கிளை எடுத்துட்டுப் போனவங்கெல்லாம் ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. பெரியப்பா கடை கடைசி நாலு வருஷம் பஞ்சர் ஒட்டியும் ஓவராயில் பண்ணியும்தான் ஓடுச்சு, வாடகை நோட்டு ஒரு பக்கம் நெரம்ப ஒரு மாசம் ஆச்சு.

இன்னொண்ணு, 2021 மே மாசத்துலருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கெடையாது. அதனால பஸ் போற வழியில பொது சைக்கிளுக்குக் காசு குடுத்து யாரும் ஓட்ட மாட்டாங்க, ஓட்டவும் தேவையில்ல. பஸ் போகாத வழியிலதான் அதுக்கு வேலை. பஸ் ஸ்டாப்புல எறங்கி உள்ள ஒண்ணு ஒண்ணரை கிலோமீட்டர் நடக்கற வழி, பைபாஸ்லயே எறக்கி விட்டுட்டுப் போற சேலம், பெங்களூர் பஸ்ஸுலருந்து ஊருக்குள்ள வர்ற வழி, ரயில்வே ஸ்டேஷன்லருந்து பஸ் ஸ்டாண்டு வர்ற வழி. கிருஷ்ணகிரியில ரயிலே கெடையாது, அங்க பைபாஸும் ரவுண்டானாவும்தான் எல்லாம், ராத்திரி பத்து மணிக்கு ஐவேயில எறங்கி நிக்கற ஒரு பொண்ணுக்கு விளக்கு இருக்கற எடத்துல ஒரு ஸ்டாண்டும் அதுல ஒரு ஆளும் இருந்தா எவ்வளவு தைரியம்.

தர்மபுரி நகராட்சியில 2011ல 68,619 பேரு. வழிகாட்டிக் கணக்குப்படி ஊரு முழுக்கப் போடணும்னா கொறஞ்சது 700 சைக்கிள் வேணும், அதாவது மைசூர் எறக்கினதை விட அதிகம், அது ஆகற காரியமில்ல. ஆனா பஸ் ஸ்டாண்டு, நாலு ரோடு, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டேஷன், இந்தப் பக்கம் சேலம் ரோட்டுல கலெக்டர் ஆபீஸ், ஆர்ட்ஸ் காலேஜ், இதுங்களுக்கு நடுவுல மட்டும் நெருக்கமா பதினஞ்சு ஸ்டாண்டு, ஒரு 120 வண்டி போட்டா போதும்ங்கறது என் கணிப்பு, லா ரோஷெல் மாதிரி சின்ன ஊர்ல நின்னுச்சுன்னு சொன்னேனே, அது இங்கதான் நமக்கு தைரியம் குடுக்குது. வண்டி 120ன்னா மாட்டற எடம் 250 கிட்ட வேணும், ஒரு வண்டிக்கு ரெண்டுலருந்து ரெண்டரை எடம் இருந்தாதான் போற எடத்துல விட எடமில்லாம நிக்கற நெலமை வராது, இதையும் அந்த வழிகாட்டியே சொல்லுது. திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கற நாள், அன்னிக்குக் காலையில எல்லா வண்டியும் அங்க போயி நிக்கும், மத்தியானம் பஸ் ஸ்டாண்டு காலியாயிடும், இது இப்பவே தெரியும், அதனால திங்கக்கெழமை மட்டும் ஒரு குட்டியானை மத்தியானம் பன்னண்டு மணிக்கு அங்க நிக்கணும்னு மொதல்லயே எழுதி வெச்சிடலாம்.

பணம் யாரு போடறது? பெரும்பாலான ஊர்கள்ல ஓட்டறவங்க குடுக்கற கட்டணம் மட்டும் நடத்தற செலவுக்குப் பத்தல. நியூயார்க்ல 2013ல ஆரம்பிக்கறப்ப சிட்டி பேங்க் பேரு வைக்கறதுக்கு மட்டும் 4 கோடியே 10 லட்சம் டாலர் குடுத்துச்சு, லண்டன்ல மொதல்ல பார்க்ளேஸ் பேங்க், அப்புறம் சான்டண்டர் பேங்க். நம்ம ஊர்ல ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரம் பஸ்ஸுக்குப் பின்னாடி இருக்கறப்ப சைக்கிள் மட்கார்டுல ஏன் இருக்கக் கூடாது. ஆனா ஒப்பந்தம் எப்படிப் போடறோம்ங்கறது அதை விட முக்கியம். இத்தனை சைக்கிள் வாங்கிக் குடுத்தா இத்தனை ரூபான்னு போட்டா வாங்கிக் குடுத்ததோட கடமை முடிஞ்சுது, ஆறு மாசத்துல எல்லாம் செயின் கழண்டு நிக்கும். ஓட்டற நெலையில தெனமும் எத்தனை வண்டி இருக்கு, ஒரு வண்டி ஒரு நாளைக்கு எத்தனை தடவை போயிருக்கு, காலி ஸ்டாண்டு எத்தனை மணி நேரம் காலியாக் கெடந்துச்சு, இதுக்குத்தான் பணம் குடுக்கணும். நல்லா ஓடற ஊர்ல ஒரு வண்டி ஒரு நாளைக்கு நாலுலருந்து எட்டு தடவை போகும், நமக்கு ரெண்டு தடவை போனாலே முதல் வருஷத்துக்கு சந்தோஷப்படலாம்.

ரிப்பேருக்கு வெளியூர் கம்பெனி ஆள் வாரத்துக்கு ஒரு தடவை வர்ற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். இன்னும் ஊர்ல நாலஞ்சு சைக்கிள் கடை உசுரோட இருக்கு, பால்ரஸ் மாத்தி கோன் டைட் வெச்சு சக்கரத்தைச் சுத்தி விட்டு காதை வெச்சுக் கேட்டே சரியா இருக்கான்னு சொல்றவங்க இன்னும் அங்க உக்காந்திருக்காங்க. ஆளுக்கு நாலு ஸ்டாண்டு, முப்பது வண்டி, மாசச் சம்பளம்னு அவங்ககிட்டயே ஒப்படைக்கணும். அதுக்கு ஏத்த மாதிரி வண்டியும் சாதாரண வண்டியா இருக்கணும், டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் நம்ம ஊர்க் கடையில கெடைக்கற சைஸ். தனி டிசைன் பாகம் திருட்டுக்கு நல்லது, ஆனா ஒரு நட்டு ஒடைஞ்சா வெளிநாட்டுலருந்து வரணும்னா அந்த வண்டி போன மாதிரிதான். ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்னா ஆள் இருக்கற ஸ்டாண்டுல சாதாரண வண்டிங்கறதுதான் என் ஓட்டு.

ஆப் இல்லாதவங்களுக்கு வழி வேணும். மனு குடுக்க வர்ற ஐம்பது வயசுக்காரர் கையில பட்டன் போன்தான் இருக்கும், அவரு ஆதாரைக் காட்டி ஸ்டாண்டுல இருக்கற ஆள்கிட்ட ஒரு கார்டு வாங்கிக்கற மாதிரி இருக்கணும், டெபாசிட் கேக்கக் கூடாது.

ரோட்டைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். நாலு ரோட்டுலருந்து சேலம் ரோட்டைப் புடிச்சு கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போன மாசம் ஒரு நாள் காலையில ஒன்பது மணிக்கு சைக்கிள்ல போயிப் பாத்தேன். வெள்ளைக் கோட்டுக்கு வெளிய மண்ணு, சரளை, நிறுத்தின ஆட்டோ, அதனால கோட்டுக்கு உள்ளதான் ஓட்ட முடியும், பின்னாடி காலேஜ் பஸ்ஸும் டிப்பரும் ஆரன் அடிச்சுக்கிட்டே வருது. ரெண்டு எடத்துல எறங்கித் தள்ளினேன், மேடு ஒரு காரணம்னா பயம் இன்னொரு காரணம். மர நெழல் இருக்கற எடத்தை வெரல் விட்டு எண்ணிடலாம். அந்த ரோட்டோரத்துல ஆறடி அகலத்துக்கு சரளையை எடுத்துட்டு கெட்டியாப் போட்டு, வண்டி ஏறாத மாதிரி நடுவுல கல்லு நட்டு, புங்க மரம் வெச்சா, 120 சைக்கிள் வாங்கற காசுல பாதி அதுக்கே ஆனாலும் அதைத்தான் மொதல்ல செய்யணும். அந்தப் பாதையில பொது சைக்கிள் வர்ற வரைக்கும் பிளஸ் ஒன் புள்ளைங்க அவங்க சைக்கிள்ல போயிக்கிட்டு இருப்பாங்க.